பலூன் வெடிக்கிறது, பூ நிற்கவில்லை: பக்கவாதத்துக்குப் பிறகான கைப்பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

58 வயது அம்மா ஒருவர், கோயில் வாசலில் பூக்கட்டி விற்றவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்து ஐந்து மாதம் கழித்து எங்கள் சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார். நடை ஓரளவு தேறியிருந்தது. இடது கை மட்டும் மடியிலேயே கிடந்தது. அந்தச் சமயத்தில்தான் எங்களுக்கு ஒரு கைப்பிடிக் கருவி வந்திருந்தது. பிடியை அழுத்தினால் திரையில் பலூன் ஊதிக்கொண்டே போய் வெடிக்கும். அவரை அதில் உட்கார வைத்தேன். மூன்று வாரத்தில் பிடியின் பலம் நன்றாக ஏறியது, திரையில் மதிப்பெண்ணும் ஏறியது. எனக்கு ஒரே சந்தோஷம்.

ஒருநாள் அவர் பையிலிருந்து ஒரு கை மல்லியும் கொஞ்சம் வாழைநாரும் எடுத்து மேசையில் வைத்தார். இடது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நான்கு பூவை வைத்ததுமே காம்பெல்லாம் நசுங்கிப் போயிற்று. "பலூன் வெடிக்குது தம்பி, பூ நிக்க மாட்டேங்குதே" என்றார்.

பூக்கட்டும்போது இடது கைக்கு பலம் வேண்டியதில்லை. காம்பு நழுவாத அளவுக்கு மட்டும் லேசாகப் பிடிக்க வேண்டும், வலது கை நாரைச் சுற்றி இழுத்து முடிச்சை இறுக்கும்வரை அந்தப் பிடி மாறாமல் இருக்க வேண்டும், அப்புறம் விட வேண்டும். பக்கவாதம் வந்த கைக்குப் பெரும்பாலும் இறுக்குவது முதலில் வந்துவிடும், விடுவதுதான் கடைசிவரை மல்லுக்கட்டும். நான் மூன்று வாரமாக அவருக்குத் தேவைப்படாத பாதியைத்தான் பழக்கியிருக்கிறேன். வந்த முதல் நாளே "இந்தக் கை என்ன செய்யணும்னு ஆசைப்படுறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

கருவியை முதலில் வைப்பது

நான் பார்த்தவரை மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகின்றன. இருக்கிற கருவிக்கு ஆளைப் பொருத்துகிறோம். ஆளைக் கேட்டுவிட்டுக் கருவியைத் தேர்ந்தெடுப்பதில்லை.

கேட்பதற்கு நல்ல முறை ஒன்று இருக்கிறது. கனடாவின் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கள் (அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்கள்) உருவாக்கிய சிஓபிஎம் என்ற நேர்காணல் அது. தினசரி வாழ்க்கையில் எதைச் செய்ய வேண்டியிருக்கிறது, எதைச் செய்ய ஆசை, எது முடியவில்லை என்று அவர் வாயாலேயே சொல்ல வைப்பார்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம் என்று 1 முதல் 10 வரை அவரே மதிப்பிடுவார். அதில் அதிகபட்சம் ஐந்தை எடுத்துக்கொண்டு, இப்போது அதை எப்படிச் செய்கிறார், அதில் எவ்வளவு திருப்தி என்று மறுபடி பத்துக்கு மதிப்பெண். சில வாரம் கழித்து அதே கேள்விகள் திரும்ப வரும். இரண்டு புள்ளி கூடியிருந்தால் அதைப் பொருட்படுத்தத்தக்க மாற்றமாக எடுத்துக்கொள்வது வழக்கம். அரை மணி நேர வேலை. அதற்கு நேரமில்லை என்று சொல்லும் இடங்களில் வாரக்கணக்கில் பலூன் வெடிக்க நேரம் இருக்கிறது, அதுதான் என் வருத்தம்.

இன்னொன்று, கேள்வியை நோயாளியிடம் கேட்கிறோம், பதில் மகனிடமிருந்து வருகிறது. "அப்பா நடந்தா போதும் சார்." அப்பா பேசாமல் இருப்பார். ஒரு பெரியவரைத் தனியாக உட்கார வைத்து மெதுவாகக் கேட்டபோது, வலது கையால் பிசைந்து சாப்பிட வேண்டும் என்றார். இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுவது கூச்சமாக இருப்பதால், எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு அடுக்களையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வீட்டில் யாருக்கும் காரணம் தெரியவில்லை. சோறு பிசைவதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்: விரல் நுனிகள் கூட வேண்டும், முன்கை உள்ளங்கை மேலே பார்க்கத் திரும்ப வேண்டும், கட்டைவிரல் பின்னாலிருந்து உருண்டையைத் தள்ள வேண்டும். வெளிநாட்டுக் கருவிகளின் விளையாட்டுகளில் இப்படி ஒரு வேலை இருக்காது. ஆனால் அதன் துண்டுகள் இருக்கும். முன்கை திருப்புவதற்கு ஒரு கைப்பிடி, விரல் மூடித் திறக்க ஒரு கைப்பிடி என்று மாற்றிப் போடும் சிறிய கருவிகள் வந்துவிட்டன. வேலூர் சிஎம்சியும் சென்னை ஐஐடியும் சேர்ந்து உருவாக்கிய புளூட்டோ அப்படிப்பட்டதுதான். எந்தத் துண்டு வேண்டும் என்று தெரிந்தால்தான் எந்தக் கைப்பிடியைப் போடுவது என்பதும் தெரியும்.

பேச்சு போனவர்களிடம் கேட்க முடியாது என்று விட்டுவிடாதீர்கள். பேச வராதவர்களில் பலருக்கு நாம் சொல்வது நன்றாகவே புரியும். தட்டு, சீப்பு, செல்போன், சாவி என்று படங்களை வரிசையாக வைத்தால் விரலால் தொட்டுக் காட்டுவார்கள்.

விலை உயர்ந்தால் குணமும் உயரும் என்று நம்புவது

நிலத்தை விற்று ரோபோ சிகிச்சைக்குக் கட்டலாமா என்று ஒரு குடும்பம் கேட்டிருக்கிறது. அவர்களிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். பிரிட்டனில் 770 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. எம்ஐடி-மேனஸ் என்ற கைப்பயிற்சி ரோபோவில் 45 நிமிடம், வாரம் 3 நாள், 12 வாரம் பயிற்சி. கையின் பயன்பாட்டில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட ரோபோ குழு முந்தவில்லை. 2016-இல் வெளியான இன்னொரு ஆய்வில் 141 பேர். ஒரு குழு நின்டெண்டோ வீ என்ற வீடியோ கேம் விளையாடியது, இன்னொன்று சீட்டு, பிங்கோ, ஜெங்கா என்று சாதாரண விளையாட்டுகள். ஒரு மணி நேரமாகப் பத்து அமர்வுகள். வீ விளையாடியவர்கள் மற்றவர்களை மிஞ்சவில்லை.

கருவி வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. வட அமெரிக்க சிகிச்சை மையங்களில் கவனித்துப் பார்த்தபோது ஒரு அமர்வில் நோயாளி கையைப் பயனுள்ள விதத்தில் அசைத்தது சராசரியாக 32 தடவைதான். விலங்கு ஆய்வுகளில் மூளை மாற்றம் தெரிய ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை தேவைப்பட்டது. சலிக்காமல் எண்ணிக்கையைக் கூட்ட கருவியைப் போல உதவி கிடையாது. ஆனால் எண்ணிக்கை மட்டுமே போதுமா என்றால் அதுவும் இல்லை. பக்கவாதம் வந்து ஆறு மாதத்துக்கு மேலான 85 பேரிடம் மொத்தம் 3200, 6400, 9600 தடவை என்று பிரித்துச் செய்து பார்த்தார்கள். கூடுதலாகச் செய்த குழுவுக்குக் கூடுதல் பலன் வரவில்லை. ஆகவே ரூபாயையும் தடவையையும் எண்ணும் முன், எந்த வேலைக்காகச் செய்கிறோம் என்று பாருங்கள்.

மோட்டாரை வேலை செய்ய விடுவது

ரோபோ கையைத் தாங்கிக்கொண்டு போகும்போது நோயாளியின் மூளை முயற்சியைக் குறைத்துக்கொள்கிறது. சோம்பல் இல்லை அது, உடம்பின் இயல்பு. நல்ல கருவிகளில் தேவைப்படும்போது மட்டும் உதவி தரும் ஏற்பாடு இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். கை போய் வந்துகொண்டிருக்க அவர் டிவி சீரியலை நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தால், மோட்டார்தான் பயிற்சி செய்கிறது.

திரையைப் பார்த்து ஆளைப் பார்க்காமல் விடுவது

எட்டி எடுக்கும் விளையாட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முழங்கை நீளவில்லை என்றால் அவர் என்ன செய்வார்? இடுப்பிலிருந்து முன்னால் சாய்வார், தோளைக் காதுவரை தூக்குவார். சென்சாருக்கு வித்தியாசம் தெரியாது, பழம் கூடைக்குள் விழுந்துவிடும், பத்துப் புள்ளி. முழங்கையோ அப்படியே மடங்கியே இருக்கும். பக்கவாட்டில் உட்கார்ந்து முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவே இடைவெளி விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் ஒரு துண்டால் மார்பை நாற்காலியோடு இதமாகக் கட்டிவிட்டு அதே விளையாட்டைத் தொடரலாம். புள்ளி சட்டென்று சரியும். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் மனசு உடைந்துபோவார்.

சிகிச்சை அறையோடு முடித்துக்கொள்வது

சிகிச்சை அறையில் டம்ளரைத் தூக்கும் கை வீட்டில் தூக்குவதில்லை. நல்ல கையாலேயே எல்லாம் முடிந்துவிடுவதால் மற்ற கை பழக்கம் விட்டுப்போகிறது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் இதைக் கற்றுக்கொண்ட பயன்படுத்தாமை என்றார். நல்ல கைக்கு உறை மாட்டி, வராத கையையே பயன்படுத்த வைக்கும் சிகிச்சை இதிலிருந்துதான் வந்தது. 2006-இல் வெளியான ஆய்வில் 222 பேர், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்கள், இரண்டு வாரம் அப்படிப் பயிற்சி செய்து நல்ல முன்னேற்றம் கண்டார்கள். மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது நீட்ட முடிந்தவர்களுக்குத்தான் இது. நீங்களாக வீட்டில் நல்ல கையைக் கட்டிப்போடாதீர்கள், தடுமாறினால் பிடித்துக்கொள்ள அந்தக் கைதான் இருக்கிறது. கதவைத் தள்ளுவது, சோப்பைப் பிடிப்பது என்று தினமும் இரண்டு வேலையை அந்தக் கைக்கே ஒதுக்கி ஒரு நோட்டில் குறித்துவந்தால் எளிது.

மூன்று மாதம் போய்விட்டது, இனி ஒன்றும் வராது என்று நிறுத்துபவர்களுக்கும் மேலே உள்ள மாதக் கணக்குதான் என் பதில்.

சில எச்சரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விழுந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள், தோள் வலி அங்கேயே ஆரம்பிக்கும். தலைக்கு மேல் கப்பி மாட்டிக் கயிறு இழுப்பதும் அந்தத் தோளுக்கு ஆகாது. நாள் முழுக்கப் பந்து பிசைவது மூடுவதை மட்டுமே பழக்கும், திறப்பதைப் பழக்காது. பக்கவாதம் வந்த முதல் நாளே தீவிரமாக எழுப்பி நடக்க வைக்கவும் வேண்டாம்: 2104 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான அவெர்ட் ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் தொடங்கி அதிகமாகச் செய்தவர்கள்தான் மூன்று மாதத்தில் பின்தங்கியிருந்தார்கள்.

பூக்காரம்மாவுக்குத் திட்டத்தை மாற்றினேன். அதே கருவிதான். ஆனால் பலூன் வெடிக்கக் கூடாது, ஒரே அளவில் நிற்க வேண்டும், பிறகு மெதுவாகக் காற்று இறங்க வேண்டும். அது பத்து நிமிடம். மீதி நேரம் முழுக்க நார். மல்லி விற்கிற விலைக்கு நசுக்கிப் பழக முடியாது என்று முதலில் ஸ்ட்ராவைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தேன், அப்புறம் தடித்த காம்புள்ள செவ்வந்தி, கடைசியில் மல்லி. எட்டாவது வாரத்தில் ஒரு முழம் கட்டினார், நாற்பது நிமிடம் ஆயிற்று. பூக்கட்டுவதற்கு முதலில் தனக்குத்தானே பத்துக்கு 1 போட்டவர் இப்போது 4 போட்டார். அடுத்து என்ன பழகலாம் என்று கேட்டேன்.

"கதம்பம்" என்றார். மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து. ஒவ்வொரு காம்பும் ஒவ்வொரு தடிமன்.