கதவோரம் தொங்கும் கார் சாவி: நவீனத் திருட்டுக்கு வழிவிடும் தவறுகள்

நள்ளிரவில் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவன் வீட்டு வாசலை ஒட்டி நிற்கிறான். அவன் தோளில் தொங்கும் பைக்குள் கம்பிச்சுருள் ஒன்று இருக்கிறது. மற்றவன் சிறிய பெட்டி ஒன்றுடன் காரின் கைப்பிடியருகே நிற்கிறான். பூட்டு தானாகத் திறக்கிறது, என்ஜின் உயிர்பெறுகிறது, கார் மெதுவாக நகர்ந்து தெருமுனையில் திரும்பி மறைகிறது. அலாரம் அலறவில்லை. காலையில் வெளியே வரும் உரிமையாளர், தரையில் ஒரு கண்ணாடிச் சில்லுகூட இல்லாததைப் பார்த்து, வீட்டில் வேறு யாராவது எடுத்துச் சென்றிருப்பார்களோ என்று குழம்புகிறார். சாவியோ அவர் மாட்டிய ஆணியிலேயே தொங்குகிறது.

காரைப் பாதுகாக்க நாம் பழகி வைத்திருப்பவை பெரும்பாலும் பூட்டை உடைக்கும் திருடனை எண்ணிப் பழகியவை. இன்றைய திருடன் பல நேரங்களில் பூட்டில் கை வைப்பதே இல்லை. சாவியின் குரலில் காரிடம் பேசுகிறான், கார் நம்பிவிடுகிறது. இது மனத்தில் பதியாததால்தான் கவனமானவர்களும் இந்தத் தவறுகளைச் செய்கிறார்கள்.

வாசலுக்கு அருகே சாவி

பட்டனை அழுத்தாமலே திறக்கும் கார்களில் நடப்பது இதுதான். கைப்பிடியைத் தொட்டதும் கார் 125 கிலோஹெர்ட்ஸ் அளவிலான குறைந்த அலைவரிசையில் ‘சாவி இருக்கிறதா?’ என்று கேட்கிறது. அந்தக் கேள்வி ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் எட்டாது. அதைக் கேட்ட சாவி 433 அல்லது 315 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அலைவரிசையில் பதில் சொல்கிறது; அந்தப் பதிலோ பல மீட்டர் தூரம் போகும். பதில் வந்தால் சாவி பக்கத்தில் இருப்பதாகக் கார் முடிவுகட்டுகிறது. கோளாறு இந்த ஊகத்தில் இருக்கிறது. காரின் கேள்வியை ஒருவன் பெற்று, வாசலில் நிற்கும் கூட்டாளிக்கு அனுப்பி, அவன் சுவருக்கு அப்பால் உள்ள சாவிக்குக் கேட்கும்படி ஒலிபரப்பினால் போதும். சாவி உண்மையாகவே பதில் சொல்லிவிடும். சங்கேதக் குறியீடு எதையும் உடைக்க வேண்டியதில்லை.

சூரிக் நகரின் ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டிலேயே இதைச் செய்து காட்டினார்கள். 8 நிறுவனங்களின் 10 கார் மாடல்களைச் சோதித்தார்கள். பத்தும் திறந்தன, பத்தும் ஓடின. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஒருமுறை ஓடத் தொடங்கிய என்ஜின், சாவி தூரமாகிவிட்டது என்பதற்காக நின்றுவிடாது. நடுச்சாலையில் நின்றால் உயிருக்கே ஆபத்து என்பதால் எச்சரிக்கை ஒலியோடு விட்டுவிடும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். ஆகவே திருடனுக்கு அந்த ஒரு பதில் போதும்.

சாவியை வாசல் கதவோரம், செருப்பு அடுக்கின் மேல், வரவேற்பறை மேசையில் வைக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். வீட்டின் உட்புறத்துக்குக் கொண்டுபோவது உதவும். ஆனால் அது மட்டும் போதாது. சாவியின் சமிக்ஞையை அடைக்கும் உலோக இழைப் பை, அதாவது ஃபாரடே பை, மலிவான நல்ல காவல். ஆனால் இதில்தான் அடுத்த தவறு நடக்கிறது. பையை வாங்கியவர்கள் அதைச் சோதிப்பதே இல்லை.

நான் பயன்படுத்திய முதல் பை சில மாதங்கள் ஒழுங்காக வேலை செய்தது. ஒருநாள் சாவி பைக்குள் இருக்கும்போதே காரருகே போனேன். கைப்பிடியைத் தொட்டதும் ‘டக்’ என்று பூட்டு விலகியது. பக்கவாட்டுக் கண்ணாடிகள் விரிந்தன. வயிற்றில் ஏதோ கரைந்தது போலிருந்தது. பையைப் புரட்டிப் பார்த்தால், தினமும் மடிந்த கோட்டில் உள்ளிருக்கும் வெள்ளி நிறத் துணி வெடித்து, கீழே கறுப்பு நூல் தெரிந்தது. அந்த மயிரிழை விரிசல் போதுமானதாக இருந்திருக்கிறது. அன்றிலிருந்து மாதம் ஒருமுறை சோதிக்கிறேன்: சாவியைப் பையில் போட்டு மூடி, காரின் ஒவ்வொரு கதவிலும் பின்கதவிலும் கை வைத்துப் பார்ப்பது, உள்ளே அமர்ந்து என்ஜினை இயக்க முயல்வது. உதிரிச் சாவிக்கும் தனிப் பை, தனிச் சோதனை. அலமாரியில் மறந்துகிடக்கும் இரண்டாவது சாவியும் கார் கேட்டால் பதில் சொல்லும் என்பதைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை.

குளிர்பதனப் பெட்டியில் வைப்பது, மைக்ரோவேவ் அடுப்பில் வைப்பது போன்ற யோசனைகளைக் கேட்டு நடக்காதீர்கள். முன்னதில் ஈரம் சாவியைக் கெடுக்கும். பின்னதில் யாராவது தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிட்டால் தீ பிடிக்கும். இறுக்கமாக மூடும் தகர டப்பா வேலை செய்யலாம். அதையும் காரருகே கொண்டுபோய்ச் சோதித்த பிறகே நம்புங்கள்.

கையேட்டைப் படிக்காமல் விடுவதும் தவறுதான். பல கார்களில் இந்த வசதியை அமைப்புகளில் நிறுத்திவைக்கலாம். பல டொயோட்டா சாவிகளில், பூட்டும் பட்டனை அழுத்திப் பிடித்தபடி திறக்கும் பட்டனை இருமுறை அழுத்தினால், சிறு விளக்கு நான்கு முறை மின்னிச் சாவி உறங்கிவிடும். சில புதிய சாவிகளில் அசைவை உணரும் கருவி இருக்கிறது. சில நிமிடங்கள் ஆடாமல் கிடந்தால் சாவி தானே உறங்கும். ஆனால் சட்டைப்பையில் இருந்துகொண்டு உங்களோடு நடந்தால் அது விழித்தேதான் இருக்கும். கடையிலும் காத்திருப்பு வரிசையிலும் அதே ஆபத்து உண்டு.

புதிய கார் வாங்குபவர்கள் ‘அல்ட்ரா வைட்பேண்ட்’ உண்டா என்று கேட்க வேண்டும். வானொலி அலை ஒரு நானோவினாடியில் சுமார் 30 சென்டிமீட்டர் செல்லும். பதில் வர எடுத்த நேரத்தை அளந்து சாவி உண்மையில் எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடுவதே இந்தத் தொழில்நுட்பம். இடையில் ஒருவன் நின்று கடத்தினால் வரும் தாமதத்தை மறைக்க முடியாது. ஆனாலும் பெயரைக் கேட்டவுடன் நிம்மதி அடையாதீர்கள். 2024ஆம் ஆண்டு, கோகோபைட் என்ற சீனப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், இந்தத் தொழில்நுட்பம் பொருத்தப்பட்ட டெஸ்லா மாடல் 3 காரையே பழைய முறையில் திறந்து காட்டினார்கள். கருவி காரில் இருந்தது. தூரத்தைச் சரிபார்க்கும் வேலைக்கு அது அப்போது பயன்படுத்தப்படவில்லை. அந்தக் காரில் ஓட்டுவதற்கு முன் ரகசிய எண் (PIN) கேட்கும் வசதி இருக்கிறது. அதை இயக்கி வைத்திருப்பவரின் காரைத் திறந்தாலும் ஓட்டிச் செல்ல முடியாது. உங்கள் காரிலும் அப்படியொரு வசதி இருந்தால் தயங்காமல் இயக்குங்கள்.

பம்பர் விலகியிருப்பதை யாரோ செய்த விஷமம் என்று விட்டுவிடுவது

பை வாங்கியாயிற்று, இனிக் கவலையில்லை என்று நினைப்பவர்களுக்கு லண்டனில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரலில் இயன் டேபர் தம் டொயோட்டா ராவ்4 காரின் முன்பக்க பம்பர் பிரிக்கப்பட்டு, ஹெட்லைட்டின் இணைப்பு கழற்றப்பட்டிருப்பதைக் கண்டார். யாரோ வேண்டுமென்றே சேதப்படுத்தியதாக நினைத்தார். ஜூலையில் மறுபடியும் அதே இடத்தில் அதே சேதம். அடுத்த சில நாட்களில் கார் போய்விட்டது. இத்தனைக்கும் டேபர் வாகன மின்னணுப் பாதுகாப்பை ஆராய்பவர்.

அவரும் கென் டிண்டெல் என்ற வல்லுநரும் சேர்ந்து துருவியதில், 2023இல் முழு விவரமும் வெளியே வந்தது. காரின் கட்டுப்பாட்டுக் கணினிகள் எல்லாம் ‘கேன் பஸ்’ என்ற பொதுக் கம்பித்தடத்தில் பேசிக்கொள்கின்றன. 1980களில் பாஷ் நிறுவனம் உருவாக்கி 1986இல் அறிமுகப்படுத்திய முறை அது. ஒரே காருக்குள் இருப்பவை ஒன்றையொன்று நம்பலாம் என்ற எண்ணத்தில் அமைந்ததால், செய்தியை அனுப்புவது யார் என்று அது கேட்பதில்லை. இன்றைய ஹெட்லைட்டுகளும் கணினியோடு பேசுவதால், அந்தத் தடத்தின் ஒரு முனை பம்பருக்குப் பின்னால் வரை வந்து நிற்கிறது. திருடன் அங்கே தன் கருவியைச் சொருகி ‘சாவி சரியாக இருக்கிறது’ என்ற பொய்ச் செய்தியைக் கொட்டுகிறான். பிறகு கதவைத் திறக்கச் சொல்கிறான். அவர்கள் ஆராய்ந்த கருவி ஒரு ப்ளூடூத் ஒலிபெருக்கியின் கூட்டுக்குள் இருந்தது. பாட்டைத் தொடங்கும் பட்டன்தான் கதவைத் திறக்கும் பட்டன். சாலையில் யார் கையில் பார்த்தாலும் சந்தேகம் வராது.

இங்கே சாவி பேசவே இல்லை. அதனால் அதை எந்தப் பையில் பூட்டிவைத்தாலும் பயனில்லை. ஹெட்லைட் ஓரம், சக்கர வளைவின் உட்புற பிளாஸ்டிக், பம்பர் விளிம்பு ஆகியவற்றில் புதிய விலகலோ உடைந்த கிளிப்போ தெரிந்தால் அதை முயற்சியாகவே கருதுங்கள். மெக்கானிக்கிடம் காட்டுங்கள், காவல்துறையில் பதிவு செய்யுங்கள், அன்றிரவே காரை வேறு இடத்தில் நிறுத்துங்கள். இடம் அமைந்தால் முன்பக்கம் சுவரை ஒட்டி வரும்படி நிறுத்துவதும் நல்லது. ஹெட்லைட்டுக்குப் பின்னால் கை நுழைய வழியில்லாமல் போகும்.

இரும்புப் பூட்டைப் பழங்காலத்துப் பொருள் என்று ஒதுக்குவது

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இது. லட்சக்கணக்கில் கொடுத்து கார் வாங்கியவர், ஸ்டீயரிங்கில் பூட்டும் தடித்த இரும்புக் கம்பியை அசிங்கமாக இருக்கிறது என்று வேண்டாம் என்கிறார். மின்னணுக் கருவி எதுவும் அந்தப் பூட்டோடு பேச முடியாது. அறுக்கலாம், ஆனால் நேரமும் சத்தமும் ஆகும். இரண்டுமே திருடனுக்குப் பிடிக்காதவை. வெளியிலிருந்தே கண்ணில் படும் நிறத்தில் வாங்குங்கள்.

அமெரிக்காவில் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் 2011 முதல் 2021 வரை விற்ற பல மாடல்களில், சரியான சாவி இல்லாமல் என்ஜின் ஓடாதபடி தடுக்கும் இம்மொபிலைசர் இல்லை. ஸ்டீயரிங்கின் கீழுள்ள மூடியைப் பிரித்து, யூஎஸ்பி கேபிளின் முனையைத் திருகினால் ஓடும் என்று காணொளிகள் பரவின. பதின்வயதுப் பிள்ளைகள்கூடத் திருடினார்கள். 2023இல் அந்த நிறுவனங்கள் சுமார் 83 லட்சம் கார்களுக்கு மென்பொருள் புதுப்பிப்பை அறிவித்தன. கூடவே ஸ்டீயரிங் பூட்டுகளையும் இலவசமாகக் கொடுத்தன. 2007 முதல் இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கிய கனடாவில் இந்தத் தந்திரம் எடுபடவில்லை. உங்கள் காரில் அது இருக்கிறதா என்று விசாரியுங்கள். குறைந்த விலை மாடல்களில் விட்டுவிட்டிருக்கலாம். நிறுவனம் அனுப்பும் புதுப்பிப்பு அறிவிப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

டேஷ்போர்டின் கீழுள்ள ஓபிடி இணைப்புக்கும் இரும்புப் பூட்டு உதவும். பழுது பார்ப்பவர் கருவியைச் சொருகும் அந்த இடத்தில், உள்ளே நுழைந்துவிட்ட திருடன் புதிய சாவி ஒன்றைக் காருக்கு அறிமுகப்படுத்திவிட முடியும். அதை மூடும் உலோகப் பூட்டுகள் கிடைக்கின்றன.

நடந்துகொண்டே பட்டனை அழுத்துவது

வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ரிமோட்டை அழுத்திக்கொண்டு போகிறோம். அதே அலைவரிசையில் இரைச்சலைப் பரப்பும் கருவி அருகில் இருந்தால், காருக்கு நம் கட்டளை கேட்பதே இல்லை; கார் பூட்டாமலே நிற்கும். 2015இல் சாமி கம்கர் என்ற ஆய்வாளர் சுமார் 32 டாலர் செலவில் செய்த கருவி இன்னும் ஒருபடி மேலே போனது. ரிமோட் ஒவ்வொரு அழுத்தலிலும் ஒருமுறை மட்டுமே செல்லும் புதிய குறியீட்டை அனுப்புகிறது. இந்தக் கருவி முதல் அழுத்தலைத் தடுத்துப் பதிவு செய்துகொள்ளும். இரண்டாவது முறை அழுத்தும்போது அதையும் பதிவு செய்துகொண்டு, முதல் குறியீட்டைக் காருக்கு அனுப்பும். உரிமையாளர் சாவியில் ஏதோ சின்னக் கோளாறு என்று போய்விடுவார். பயன்படுத்தப்படாத ஒரு குறியீடு கருவியில் மிஞ்சியிருக்கும்; அதை வைத்துப் பிறகு காரைத் திறந்துவிடலாம்.

எனவே விளக்கு மின்னியதா, கண்ணாடி மடங்கியதா என்று பாருங்கள். கைப்பிடியை ஒருமுறை இழுத்தும் பாருங்கள். முதல் அழுத்தல் பலிக்காவிட்டால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். கூடுமானால் வேறு இடத்துக்குக் காரை மாற்றுங்கள்.

முந்தைய உரிமையாளரின் சாவியும் செயலியும்

பழைய கார் வாங்கும்போது கையில் வந்த சாவிகளை எண்ணுகிறோம். காரின் நினைவில் எத்தனை சாவிகள் பதிவாகியிருக்கின்றன என்று கேட்பதில்லை. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் எல்லாவற்றையும் நீக்கி, உங்களிடம் உள்ளவற்றை மட்டும் மறுபடி பதிவு செய்யச் சொல்லுங்கள். கைபேசிச் செயலியில் முந்தையவரின் கணக்கு நீங்கியதா என்பதையும் உறுதி செய்யுங்கள். அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை வேறெங்கும் பயன்படுத்தாதீர்கள்.

கண்காணிப்புக் கருவி காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கை

ஜிபிஎஸ் கருவி திருட்டைத் தடுக்காது, காரைத் தேட உதவும். முன்னிருக்கைக்கு எதிரே உள்ள பெட்டியில் வைத்தால் திருடன் முதலில் கை வைப்பது அங்கேதான். ஏர்டேக் போன்ற, இருப்பிடத்தைக் கைபேசிக்குத் தெரிவிக்கும் சிறு வில்லைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. தெரியாத வில்லை ஒன்று தம்மோடு வருகிறது என்று பக்கத்தில் இருப்பவரின் கைபேசியை அவை எச்சரிக்கும். ரகசியமாகப் பின்தொடர்வதைத் தடுக்க வைத்த அந்த நல்ல ஏற்பாடு திருடனுக்கும் சேதி சொல்லிவிடும். திருடர்களே வில்லையைப் பயன்படுத்துவதும் உண்டு: 2021 டிசம்பரில் கனடாவின் யார்க் வட்டாரக் காவல்துறை, திருடர்கள் விலையுயர்ந்த கார்களில் வில்லையை ஒளித்துவைத்து வீடுவரை பின்தொடர்வதாக எச்சரித்தது. இழுவைக் கொக்கியின் அருகே, எரிபொருள் மூடிக்குள் பாருங்கள். அறியாத வில்லை பற்றிக் கைபேசி எச்சரித்தால் நேரே வீட்டுக்குப் போகாதீர்கள்.

கார் பறிபோய், கைபேசி வரைபடத்தில் அதன் புள்ளி நகர்வதைப் பார்க்க நேர்ந்தால் நீங்களே துரத்திப் போகாதீர்கள். அந்தப் புள்ளியின் அருகே யார் இருக்கிறார்கள், கையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று வரைபடம் காட்டாது. இருப்பிடத்தைக் காவல்துறையிடம் கொடுங்கள். பதிவு எண்ணையும் சேசிஸ் எண்ணையும் உடனே கேட்பார்கள். அந்த எண்கள் உள்ள ஆவணங்களைக் காருக்குள்ளேயே வைத்திருப்பவர்கள் அந்த நேரத்தில் தவித்துப்போகிறார்கள். இன்று காரருகே போகும்போது சேசிஸ் எண்ணைப் படம் எடுத்து, வீட்டில் இருக்கும் இன்னொருவரின் கைபேசிக்கும் அனுப்பி வையுங்கள்.