கடன் கொப்பியில் கிருபையைப் பழகுவது எப்படி?

கத்தோலிக்க ஆலயத்தில் ‘அருள்’ என்றும் மெதடிஸ்த ஆலயத்தில் ‘கிருபை’ என்றும் மட்டக்களப்பில் நாம் சொல்வது ஒன்றையே: தகுதியைப் பாராமல் கடவுள் தாமாகத் தருவது. எபேசியர் இரண்டாம் அதிகாரத்தின் 9ஆம் வசனத்தில், மீட்பு நம் செயல்களால் வந்ததன்று என்று எழுதும் பவுல், அடுத்த வசனத்திலேயே நாம் நற்செயல்களுக்காகப் படைக்கப்பட்டவர்கள் என்கிறார். இவ்விரு வசனங்களுக்கும் இடையில்தான் நம்மில் பலர் சறுக்குகிறோம். சிலர் கடவுளுக்குத் தவணை கட்டுவதுபோல நோன்பையும் காணிக்கையையும் எண்ணுகிறார்கள். சிலர் எல்லாம் இலவசம்தானே என்று கைகட்டி இருந்துவிடுகிறார்கள்.

பழகத் தொடங்குவதற்கு வீட்டிலுள்ள கடன் கொப்பியைவிடப் பொருத்தமான இடத்தை நான் காணவில்லை. அதைத் திறக்குமுன் மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமையை நிதானமாக வாசியுங்கள். அரசன் ஒரு பணியாளனுக்குத் தள்ளிவிட்ட கடன் பத்தாயிரம் தாலந்து. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாட்கூலி. கணக்குப் போட்டால் ஆறு கோடி நாட்களின் கூலி வருகிறது. ஒருநாளும் ஓயாமல் உழைத்தாலும் 160,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதே பணியாளன் வெளியே போய்த் தன் தோழனின் கழுத்தைப் பிடித்தது நூறு தெனாரியத்துக்காக. நூறு நாட்கூலியும் சின்னத் தொகையன்று என்பது வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, வேலைக்குப் போகிற எவருக்கும் தெரியும். ஆகவே பிறர் நமக்குச் செய்த குறை ஒன்றுமில்லை என்று உவமை சொல்லவில்லை; நாம் பெற்றதன் பக்கத்தில் அதை வைத்துப் பார்க்கச் சொல்கிறது.

இனி ஒரு தாளில், உங்களுக்குப் பணமோ மன்னிப்போ தரவேண்டியவர்களின் பெயர்களை எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே இரவில் அழிக்க முயலவேண்டாம். ஒரு பெயரை மட்டும் தெரிந்தெடுங்கள். பணமானால் அது உங்கள் பணந்தானா என்று பாருங்கள். மனைவியின் சீட்டுப் பணத்தையோ, வீட்டார் நுண்கடன் எடுத்துக் கொடுத்த பணத்தையோ அவர்களைக் கேளாமல் தள்ளுபடி செய்வது பிறர் செலவில் செய்யும் தாராளம்.

நான் தெரிந்தெடுத்தது, வலை வாங்குவதற்கு ஓர் அயலவருக்குக் கொடுத்த 18,000 ரூபாயை. மூன்று ஆண்டுகளாகக் கொப்பியில் இருந்த அந்த வரியின் மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன். பேனையால் இழுக்க மனம் வரவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். மறுநாள் பாலத்தடியில் அவரைக் கண்டபோது முகத்துக்கு முன்னே தொகைதான் நினைவுக்கு வந்தது. அவரோ என்னைக் கண்டதும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். எனக்குள் அழித்தேனே தவிர, அவருக்குச் சொல்லவில்லை. ஆகவே, வெட்டிய கடனைப் போய்ச் சொல்லுங்கள். சாட்சிக்கு ஆள் கூட்டிச் செல்லவோ, ஆலயத்தில் எழுந்து அறிவிக்கவோ வேண்டாம். வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்று மத்தேயு 6ஆம் அதிகாரம் சொல்வது இப்படியான வேளைகளுக்குத்தான்.

நீங்களே பிறருக்குத் தீங்கு செய்திருந்தால் ஒழுங்கு வேறு. வரி வசூலித்த சகேயு, இயேசு தன் வீட்டுக்கு வந்த பிறகு, ஏமாற்றி எடுத்ததை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். அருள் முதலில் வந்தது, பணம் பின்னால் வந்தது. ஆனால் பணமும் வந்தது. கூலியைக் குறைத்துக் கொடுத்த வயற்சொந்தக்காரரான போடியார் ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ள முடியாது.

இரண்டு இடங்களில் இந்தப் பழக்கத்தைப் பிறர்மேல் சுமத்தக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். வீட்டில் அடி வாங்குகிற பெண்ணிடம் ‘மன்னித்துப் போ மகள்’ என்று சொல்வது கிருபையன்று. அவளைப் பாதுகாப்பான இடத்தில் சேர்த்து, அவள் விரும்பினால் பொலிஸ் நிலையம்வரை உடன் செல்வதே நம் வேலை. அதுபோல, 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுத் தாக்குதலில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களிடமும் மன்னிப்பைக் கேட்டு வாங்க நமக்கு உரிமையில்லை. அங்கே சோறு கொண்டுபோகலாம். அருகில் பேசாமல் இருக்கலாம். 2004 கடல்கோளுக்குப் பிறகு நாவலடியிலும் கல்முனையிலும் தேவைப்பட்டதும் பெரும்பாலும் அதுதான். முஸ்லிம் அல்லது இந்து அயலவருக்கு உதவும்போது துண்டுப்பிரசுரத்தையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள்; விலை வைத்துக் கொடுப்பது இலவசமாகாது.

சில கிழமைகளில் இன்னொரு சோதனை வரும்: ‘நான் இவ்வளவு செய்கிறேன், அவர் ஒன்றும் செய்வதில்லை’ என்ற முணுமுணுப்பு. அப்போது மத்தேயு 20ஆம் அதிகாரத்துத் திராட்சைத் தோட்டத்தை அறுவடை வட்டையாக நினைத்துப் பாருங்கள். விடியற்காலை வந்தவருக்கும் பொழுதுசாய வந்தவருக்கும் ஒரே கூலி. நம் ஊர் வேலையாட்கள் அன்றே சண்டை பிடிப்பார்கள், நானும் அவர்கள் பக்கந்தான் நிற்பேன். ஆனாலும், 1814இல் மட்டக்களப்புக்கு வந்து, ஓராண்டு நிறையுமுன் 1815இல் இங்கேயே இறந்த மெதடிஸ்த மிசனரி வில்லியம் ஓல்ட்டை நினைக்கும்போது எனக்குச் சிறிது தெளிவு வருகிறது. அந்தச் சில மாதங்களில் தொடங்கிய பள்ளிப் பணியின் தொடர்ச்சியாக மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்றும் நடக்கிறது. அவருடைய மணித்தியாலங்களை யார் எண்ணுவது?

கடன் தள்ளப்பட்டவர் பிறகு பணத்தோடு வந்தால் என்ன செய்வது என்றும் கேட்பார்கள். என் அயலவர் ஒரு மாலை 5,000 ரூபாயோடு வந்தார். கணக்கு முடிந்துவிட்டது என்று ஒருமுறை சொன்னேன். அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. வற்புறுத்தி மறுத்தால் அவரை என் கொடைக்குக் கீழேயே வைத்திருப்பேன் என்று தோன்றியதால் வாங்கிக்கொண்டு, தேநீர் ஊற்றச் சொன்னேன். நீங்களும் அப்படியே வாங்குங்கள். அவர் போன பிறகு மீதி எவ்வளவு என்று கொப்பியில் எழுதவேண்டாம்.