ஒன்றரைக்கு மணி அடித்த பிறகு

தரம் 9, 10, 11 படிக்கிற தோட்டத்துத் தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். நான் மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்தில், லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்துகொண்டு உயர்தரம் கலைப்பிரிவு படிக்கிறேன். அம்மா தேயிலை மலையில் கொழுந்து எடுக்கிறார். அப்பாவுக்குக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. வீட்டில் அப்பாயி, தங்கச்சி, பிள்ளை மடுவத்துக்கு (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்துக்கு) போகிற கடைசித் தம்பி.

"ஸ்கூல் விட்டா நேரா வீட்டுக்குப் போய்ப் படி" என்று எல்லாரும் சொல்கிறார்கள். நம் வீட்டு நிலைமையில் அது எப்படி என்று யாரும் சொல்வதில்லை. ஒன்றரைக்கு மணி அடிக்கிறது. ஆறரைக்கு இருட்டிவிடும். இந்த ஐந்து மணித்தியாலத்துக்குள் நடை, தண்ணீர், விறகு, சின்னவர்கள், உடுப்பு, ரொட்டி, கிளாஸ், விளையாட்டு எல்லாம் நடந்தாக வேண்டும். இதில் எதையும் விட முடியாது. ஆனால் எது முந்தி, எது பிந்தி என்பது நம் கையில் இருக்கிறது. நான் பிடித்துக்கொண்டிருக்கிற ஒழுங்கு இதுதான்: அம்மா மலையை விட்டு இறங்குவதற்குள் கைவேலை எல்லாம் முடிய வேண்டும். அவர் வந்த பிறகு கொஞ்ச நேரம் அவருக்கு. அதற்குப் பிறகுதான் கொப்பி. அடுப்பு அணைந்து கிடக்கிற வீட்டுக்குள் அம்மா இடுப்பில் கட்டிய நனைந்த படங்கோடு வந்து நின்றால், புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தாலும் ஒரு வரி மண்டையில் ஏறாது.

வழியில்

சேர்ந்து வாருங்கள். தனியாகக் குறுக்குப் பாதையில் இறங்காதீர்கள், முக்கியமாக மூடுபனி நேரத்தில். டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமியிலிருந்து) வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலை யாத்திரை சீசன். அந்த மாதங்களில் எங்கள் பக்கத்து பஸ் எல்லாம் யாத்திரைக்காரர்களால் நிரம்பி வரும், கையைக் காட்டினாலும் நிற்காது. அப்போதெல்லாம் பஸ்ஸை நம்பி ரோட்டில் நிற்பதை விட, நாலு பேராகச் சேர்ந்து நடந்துவிடுவதுதான் லாபம். நடக்கிறபோதே அன்றைக்குப் படித்த ஒரு பாடத்தை ஒருத்தர் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டு வரலாம். நான் வரலாறு பாடமாக்கியது பாதி அந்தப் பாதையில்தான்.

மே மாதத்துக்குப் பிறகு அட்டை. சவர்க்காரத்தை ஈரமாக்கிக் கணுக்காலில் பூசிக்கொண்டு சொக்ஸைப் போடுங்கள், ஓரளவுக்கு அண்டாது. கடித்துவிட்டால் பிடித்து இழுக்க வேண்டாம். வாய் ஒட்டியிருக்கிற மெல்லிய பக்கத்தை நகத்தால் தள்ளினால் தானாக விடும். இரத்தம் சட்டென்று நிற்காது. அட்டை விடுகிற நீர் இரத்தத்தை உறைய விடாது, அதனால்தான். கழுவிவிட்டுச் சுத்தமான துணியால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள்.

வெள்ளை உடுப்பு

மழை மாதத்தில் படிப்பை விடப் பெரிய கவலை இதுதான் என்று எனக்குத் தெரியும். அரசாங்கம் தருகிற சீருடைத் துணியில் ஒரு உடுப்பு தைக்கலாம். இன்னொன்று வீட்டில் வாங்கித் தந்தால் உண்டு. இரண்டு உடுப்பை வைத்துக்கொண்டு ஐந்து நாளைக்கும் வெள்ளையாகப் போக வேண்டும். ஈர உடுப்புக்காகவே ஸ்கூலுக்கு வராமல் நின்றுவிடுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டைத் தேடாதீர்கள், முதலில் உடுப்பை மாற்றுங்கள். முழு உடுப்பையும் ஊறப் போட வேண்டியதில்லை. கழுத்துப்பட்டி, அக்குள், கீழ்க்கரையில் தெறித்த சேறு, இந்த இடங்களில் மட்டும் சவர்க்காரம் போட்டுத் தேயுங்கள். பிறகு ஒரே அலசல். கையால் பிழிந்தால் மட்டும் போதாது. ஒரு காய்ந்த துவாயை விரித்து, அதன் மேல் உடுப்பைப் பரப்பி, பாய் மாதிரி இறுக்கிச் சுருட்டி, ஒரு முனையைத் தங்கச்சியிடம் கொடுத்து இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கமாக முறுக்குங்கள். உடுப்பில் இருக்கிற தண்ணீரில் பெரும்பங்கை அந்தத் துவாய் குடித்துவிடும். அப்புறம் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) காற்று வருகிற பக்கத்துக் கொடியில் உட்பக்கம் வெளியே தெரியப் போடுங்கள்.

இரவு ரொட்டி சுட்டு முடிந்த பிறகுதான் அடுப்புக்கு மேலுள்ள கொடிக்கு அதைக் கொண்டுபோக வேண்டும். புகை இருக்கிறபோது போட்டால் வெள்ளை மஞ்சளாகும், வகுப்பில் பக்கத்தில் இருப்பவருக்கும் வாடை அடிக்கும். தணல் மட்டும் இருக்கிற நேரத்தில் போட்டால் விடிய முன் காய்ந்துவிடும். கீழே விழாதபடி இரண்டு பக்கமும் கிளிப் போட்டு, பெரியவர் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் படுங்கள்.

தண்ணீரும் அடுப்பும்

தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு மூன்று மணிக்கு முன் போய்விட வேண்டும். மலையிலிருந்து ஆட்கள் இறங்கிவிட்டால் குடங்கள் வரிசை கட்டிவிடும். சனவரி தொடக்கம் மார்ச் வரை இன்னும் முந்திப் போங்கள். மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கி, மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா டவுனின் கோயில் வெளியே தெரிகிற அளவுக்கு வரட்சி வந்தால், பீலியிலும் நூல் மாதிரித்தான் விழும். தம்பியைப் பிள்ளை மடுவத்திலிருந்து கூட்டி வருவதையும் தண்ணீர் நடையோடு சேர்த்துவிட்டால் ஒரு நடை மிச்சம்.

விறகை முந்திய நாளே அடுப்புக்கு மேல் பரணில் ஏற்றிவிடுங்கள். கவ்வாத்து மிலாறு (தேயிலைச் செடியில் வெட்டிய குச்சி) சீக்கிரம் பற்றும், சீக்கிரம் அடங்கும். அதைத் தொடக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, தணலுக்குக் கனத்த கட்டை ஒன்றைச் செருகுங்கள். ரொட்டிக்கு மாவை நான்கு மணிக்கே பிசைந்து மூடிவிடுவேன். இளஞ்சூட்டுத் தண்ணீர், உப்பு, முடிந்த அளவு தேங்காய்ப்பூ. அரை மணித்தியாலம் ஊறினால் தட்டும்போது ஓரம் வெடிக்காது, அப்பாயிக்கும் கடிக்க லேசாக இருக்கும்.

தம்பிமாருக்கு ஒன்று. இது எல்லாம் அக்காவின் வேலை என்று இருந்துவிடாதீர்கள். அக்காவுக்கும் அதே ஓ.எல். (சாதாரண தர) பரீட்சைதான். குடம் தூக்குவதையும் விறகையும் நீங்கள் எடுத்துக்கொண்டாலே அவளுக்கு ஒரு மணித்தியாலம் கிடைக்கும்.

விளையாட்டு

பரீட்சை வருஷம் என்று விளையாட்டை நிறுத்தச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நான்கரையிலிருந்து ஐந்து வரை, மழை இல்லாவிட்டால், கோயிலுக்கு முன்னால் இருக்கிற வெளியில் இறங்குங்கள். பெடியன்கள் கிரிக்கெட் அடிக்கிற இடத்தில் பொம்பளைப் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. நாங்கள் இடம் கேட்டுப் பேசி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் எல்லே (பந்தை அடித்துவிட்டு ஓடுகிற ஆட்டம்) ஆடுகிறோம். பந்து தேயிலைக்குள் போனால் கண் தெரியாத நேரம் வந்துவிட்டது என்று கணக்கு. அதோடு வீட்டுக்கு.

அம்மா வந்ததும்

தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். "இன்னிக்கு எந்த மலைம்மா? எத்தனை கிலோ?" என்று கேளுங்கள். சும்மா விசாரிப்பதோடு விடாமல் எழுதிவையுங்கள். எங்கள் வீட்டில் இதற்கென்று 80 பக்கக் கொப்பி ஒன்று இருக்கிறது. கொழுந்துக் கொப்பி என்று சொல்வோம். திகதி, மலை, காலைக் கிலோ, பகல் கிலோ, அந்திக் கிலோ, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்தது, கடைசியில் முழுப்பேரா அரைப்பேரா (முழுநாள் சம்பளமா அரைநாள் சம்பளமா). ஒரு நாளைக்கு ஒரு வரி, இரண்டு நிமிஷ வேலை.

இது ஏன் தேவை? சம்பளச் சீட்டு வருகிற அன்று அம்மாவுக்குத் தொகை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். சீட்டில் இருக்கிற ஆங்கிலத்தை நாம் வாசித்துக் காட்ட வேண்டும். முதலில் எத்தனை பேர் போட்டிருக்கிறது என்று கொப்பியோடு ஒத்துப் பாருங்கள். அடுத்தது கூடுதல் கிலோ (நாள் அளவுக்கு மேல் எடுத்த கொழுந்து). பிறகு கழிவுகள்: சேமலாப நிதிக்கு (ஈ.பி.எப்.) சட்டப்படி தொழிலாளியின் சம்பளத்தில் குறைந்தது 8 வீதம் வெட்டுவார்கள், நிர்வாகம் தன் பங்குக்கு 12 வீதம் போட வேண்டும். நம்பிக்கை நிதிக்கான (ஈ.டி.எப்.) 3 வீதம் முழுக்க நிர்வாகத்தின் பொறுப்பு, அது அம்மாவின் சம்பளத்தில் வெட்டப்படக் கூடாது. இவற்றோடு சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், தேயிலைத்தூள். ஒவ்வொன்றையும் தமிழில் பக்கத்தில் எழுதி, அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். தரம் 9 கணிதம் இதற்குத் தாராளமாகப் போதும்.

ஒரு முறை எங்கள் கொப்பியில் இருந்த ஒரு பேர் சீட்டில் இல்லை. அம்மா கொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, தோட்டத் தலைவரையும் கூட்டிக்கொண்டு கந்தோருக்குப் போனார். அடுத்த மாதம் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த மாதிரி நேரத்தில் நீங்கள் போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம். அம்மாவைப் பேச விடுங்கள், கணக்கை மட்டும் சரியாகப் போட்டுக் கொடுங்கள். இப்போது பக்கத்துக் காம்பராவில் இரண்டு பேருக்கும் தங்கச்சிதான் எழுதிக் கொடுக்கிறாள்.

சம்பளத்தன்று சில வீடுகளில் குடியும் சத்தமும் இருக்கும். அன்று படிப்பை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். எந்தக் கூட்டாளி வீட்டுக்குப் போவது என்று முந்தியே பேசிவையுங்கள், சின்னவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். யாராவது அடித்தாலோ, தொடக்கூடாதபடி தொட்டாலோ 1929க்கு அடியுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம். நம்பிக்கையான ஒரு டீச்சரிடமும் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை.

படிப்பு, கூட்டாளிமாரோடு

ஆறரையிலிருந்து எட்டரை. பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில் டீவியும் தம்பியின் அழுகையும் சேர்ந்திருக்கும்போது தனியாகப் படிப்பது கஷ்டம். அதனால் ஒரே லயத்துக் கூட்டாளிமார் மூன்று நாலு பேர், சத்தம் குறைந்த ஒரு வீட்டு இஸ்தோப்பைப் பிடியுங்கள். அந்த வீட்டு அம்மாவிடம் அனுமதி கேளுங்கள், போகிறபோது இடத்தைக் கூட்டிவிட்டுப் போங்கள். ஆளுக்கொரு பாடம் பொறுப்பு. கணிதம் வருகிறவர் கணிதத்தைச் சொல்லித் தர, ஆங்கிலம் வருகிறவர் ஆங்கிலத்தை. சொல்லிக் கொடுக்கிறவருக்குத்தான் அதில் அதிகம் ஏறும். நம் பக்கத்துப் பல ஸ்கூல்களில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் டீச்சர் இல்லாமல் மாதக்கணக்கில் போகிறது, அதனால் இந்த இஸ்தோப்பு வகுப்பை விளையாட்டாக எடுக்காதீர்கள்.

பாஸ் பேப்பரை (பழைய வினாத்தாளை) நேரம் பார்த்துச் செய்யுங்கள். இரவில் அரைப் பேப்பர், சனிக்கிழமை கிளாஸ் முடிந்து வந்து ஒரு முழுப் பேப்பர்.

போன் வீட்டில் ஒன்றுதான், அதுவும் அம்மாவிடமோ அண்ணனிடமோ இருக்கும். சிக்னல் ரோட்டு வளைவில்தான் கிடைக்கும். 2020இல் ஸ்கூல் மூடியிருந்தபோது மலை உச்சியிலும் பாறையிலும் ஏறிப் படித்த அண்ணன் அக்காமாரைப் பார்த்திருப்பீர்கள். இப்போது அந்த அவதி தேவையில்லை. வாரத்துக்கு ஒரு தடவை டவுனுக்குப் போகிறபோது, வேண்டியதை எல்லாம் ஒரேயடியாக இறக்கிக்கொள்ளுங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாடநூல்கள் தமிழில் இலவசமாக இருக்கின்றன. இ-தக்சலாவ தளத்திலும் பாடங்கள் உண்டு. இருட்டிய பிறகு சிக்னல் தேடி ரோட்டோரத்தில் தனியாக நிற்க வேண்டாம்.

இடையில் நின்றுபோன கூட்டாளி

ஒவ்வொரு லயத்திலும் ஒருத்தராவது இருப்பார். 16 வயது வரை படிப்பு கட்டாயம் என்று சட்டம் சொல்கிறது, இருந்தும் வீட்டுக் கஷ்டத்தால் கொழும்புக் கடைக்கோ, யாரோ ஒருவர் வீட்டு வேலைக்கோ போய்விடுகிறார்கள். ஒரு வாரம் ஒருத்தர் வராவிட்டால், அன்று பின்னேரமே அவர் வீட்டுக்குப் போங்கள். போகும்போது அந்த வாரக் கொப்பிகளைக் கையோடு கொண்டுபோங்கள். "ஏன் வரல?" என்று கேட்காமல், "இத எழுதிட்டு நாளைக்குத் தா" என்று கொடுங்கள். சில பேர் அதற்காகவே திரும்பி வருவார்கள்.

போய்விட்டவர்களையும் விட்டுவிடாதீர்கள். என்னோடு தரம் 10 வரை படித்த ஒருத்தி இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். போயா லீவுக்குக் கோல் எடுப்போம், தீபாவளிக்கு வந்தால் எங்கள் இஸ்தோப்பில்தான் இருப்பாள். ஓ.எல். பரீட்சையைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவும் எழுதலாம், அதற்குத் தேசிய அடையாள அட்டை வேண்டும். அட்டை இல்லையென்றால் லீவுக்கு வருகிற நாளிலேயே பிறப்புச் சான்றிதழோடு கிராம சேவகரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். விண்ணப்பம் கோருகிற அறிவித்தல் பேப்பரில் வந்த அன்றே அதைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்புங்கள். கடையில் நிற்கிறவருக்குப் பேப்பர் பார்க்க நேரம் இருக்காது.