மவுஸைத் தள்ளி வைத்துத் தொடங்குவோம்: எல்லோரும் பயன்படுத்தக்கூடிய இணையப் பக்கம்

அலங்காரம் எதுவும் இல்லாத வெறும் எச்டிஎம்எல் பக்கம் ஒன்றை பிரவுசரில் திறந்து பாருங்கள். கீபோர்டை வைத்தே முழுதும் சுற்றி வரலாம். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடங்கிக்கொள்ளும். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் தடங்கலின்றி வாசித்துக் காட்டும். அதன்மேல் சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் என்று நாம் அடுக்கும்போதுதான் இந்த வசதிகள் ஒவ்வொன்றாகப் பறிபோகின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற தளம் என்றாலே பெரிய வேலை என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். பெரும்பாலும், எடுத்ததைத் திருப்பி வைக்கும் வேலைதான் அது. எச்டிஎம்எல் ஓரளவு தெரிந்தவர் இன்றே தொடங்கிவிடலாம்.

படி 1: டேப் விசையை அழுத்துங்கள்

உங்கள் தளத்தைத் திறந்து, மவுஸை ஒதுக்கிவிட்டு, டேப் விசையை அழுத்திக்கொண்டே போங்கள். பின்னால் வர ஷிஃப்டும் டேப்பும். இணைப்பைத் திறக்க என்டர், பட்டனை அழுத்த என்டர் அல்லது ஸ்பேஸ். கை நடுக்கம் உள்ளவர்கள், மவுஸ் பிடிக்க முடியாதவர்கள், பார்வையற்றவர்கள் எல்லோரும் நாள் முழுக்க இப்படித்தான் நகர்கிறார்கள்.

இப்போது எங்கே நிற்கிறீர்கள் என்று கண்ணுக்குத் தெரிகிறதா? தெரியாவிட்டால், சிஎஸ்எஸ்ஸில் எங்கோ ‘அவுட்லைன்: நன்’ என்று ஒரு வரி இருக்கும். அதை நீக்குங்கள். அந்த வளையம் அழகைக் கெடுக்கிறது என்று தோன்றினால் நிறத்தையும் தடிமனையும் மாற்றிக்கொள்ளலாம், அழிக்கக் கூடாது. அடுத்து, மெனுவும் பாப்அப்பும் டேப்புக்கு எட்டுகின்றனவா, பாப்அப்புக்குள் போனபின் வெளியே வர முடிகிறதா என்று பாருங்கள். எஸ்கேப் விசைக்கு அது மூட வேண்டும்.

படி 2: பட்டன் வேண்டிய இடத்தில் பட்டனையே போடுங்கள்

நான் பார்க்கும் தளங்களில் அதிகம் தொல்லை தருவது இதுதான். ஒரு ‘டிவ்’ எடுத்து, நீல நிறம் பூசி, மூலையை வளைத்து, கிளிக் செய்தால் இயங்கும்படி எழுதிவிடுகிறார்கள். பார்வைக்கு அச்சு அசல் பட்டன். ஆனால் டேப் அதில் நிற்காது. என்டருக்கு அசையாது. ஸ்கிரீன் ரீடர் ‘அனுப்பு’ என்று சாதாரண எழுத்தாகப் படித்துவிட்டுப் போய்விடும். அதை அழுத்தலாம் என்று கேட்பவருக்குத் தெரியவே தெரியாது. இதைச் சரிசெய்ய டேப்இன்டெக்ஸ், ரோல், கீபோர்டுக்குத் தனி நிரல் என்று ஒட்டுப்போட வேண்டும். ‘டிவ்’ என்ற இடத்தில் ‘பட்டன்’ என்று எழுதினால் அத்தனையும் தானாகவே கிடைத்துவிடும்.

வேறு பக்கத்துக்குப் போக இணைப்பு, ஒரு செயலைச் செய்ய பட்டன். ஸ்கிரீன் ரீடருக்குக் கூடுதல் விவரம் தரும் ‘ஏரியா’ (ARIA) பண்புகள் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். ஸ்கிரீன் ரீடர் என்ன சொல்கிறது என்பதைத்தான் அவை மாற்றும். கீபோர்டில் வேலை செய்ய வைக்காது.

படி 3: படிவத்தில் லேபிள்

பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் ‘உங்கள் பெயர்’ என்ற குறிப்பு, தட்டச்சு தொடங்கியதும் மறைந்துவிடும். நினைவாற்றல் சிக்கல் உள்ளவர் பாதியில் நின்று, இங்கே என்ன கேட்டார்கள் என்று திகைப்பார். ஒவ்வொரு பெட்டிக்கும் வெளியே ‘லேபிள்’ போட்டு, அதன் ‘ஃபார்’ மதிப்பும் பெட்டியின் ‘ஐடி’யும் ஒன்றாக இருக்கும்படி எழுதுங்கள். சோதிப்பது எளிது: லேபிளைக் கிளிக் செய்தால் கர்சர் பெட்டிக்குள் போக வேண்டும்.

பிழை நேர்ந்தால் பெட்டியைச் சிவப்பாக்கியதோடு நிறுத்தாதீர்கள். நிறக்குருடு உள்ளவருக்கு அது தெரியாமலே போகலாம். ‘தேதியை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் எழுதவும்’ என்று வார்த்தையில் சொல்லுங்கள்.

படி 4: படமும் எழுத்தும்

படத்துக்கு மாற்றாக எழுதும் ‘ஆல்ட்’ என்ற விளக்கம் இல்லாவிட்டால், ஸ்கிரீன் ரீடர் சில நேரம் கோப்பின் பெயரையே எழுத்தெழுத்தாகப் படிக்கும். அந்தப் படம் அங்கே எதற்காக இருக்கிறதோ அதை ஒரு வரியில் எழுதுங்கள். ‘படம்’ என்று தொடங்க வேண்டாம். அதை மென்பொருளே சொல்லிவிடும். வெறும் அலங்காரப் படமா? ‘ஆல்ட்’டை நீக்காமல் காலியாக விடுங்கள், தாண்டிப் போய்விடும். தேடல் பட்டனில் உள்ள பூதக்கண்ணாடிக்கு ‘பூதக்கண்ணாடி’ அல்ல, ‘தேடு’ என்பதே சரியான ஆல்ட்.

அறிவிப்பு முழுவதையும் ஒரே படமாகப் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். தேதி, நேரம், விண்ணப்பிக்கும் முறை எல்லாம் படத்துக்குள் போய்விட்டால், ஸ்கிரீன் ரீடரை நம்பியிருப்பவருக்கு அங்கே ஒன்றுமே இல்லை. ஸ்கேன் செய்த பிடிஎஃப்பும் அப்படித்தான்.

பழைய எழுத்துருக்கள் இன்னொரு தடை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் ‘தமிழ்’ என்று திரையில் தெரிவதன் உள்ளே இருப்பவை ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். காதில் விழுவதும் அதுவே. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் யூனிகோடுக்கு மாற்றாத பக்கம் பார்வையற்றவருக்கு மூடிய பக்கம்.

படி 5: மொழியைச் சொல்லுங்கள்

பக்கத்தின் முதல் குறிச்சொல்லில் ‘லாங்’ என்ற பண்பு இருக்கிறது. ஆயத்த டெம்ப்ளேட்டுகளில் அது ஆங்கிலத்தைக் குறிக்கும் ‘இஎன்’ என்றே கிடக்கும். தமிழ்ப் பக்கமானால் ‘டிஏ’ என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஸ்கிரீன் ரீடர் ஆங்கிலக் குரலை எடுத்துக்கொண்டு தமிழை விழுங்கிவிடக்கூடும்.

படி 6: நிறமும் அளவும்

இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் டபிள்யூசிஏஜி என்ற அணுகல் வழிகாட்டுதல், அதன் மூன்று நிலைகளில் நடுவில் உள்ள ஏஏ நிலையில், சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற நிற வேறுபாட்டை (கான்ட்ராஸ்ட்) கேட்கிறது. பெரிய எழுத்துக்கு 3:1 போதும். வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற சாம்பல் நிறம் மயிரிழையில் தேறும், #777777 தோற்கும். நான் என்றால் இந்த எல்லையில் நிற்காமல் இன்னும் கருமையாகவே வைப்பேன். வெயிலில் கைபேசி பார்ப்பவருக்கும் அது உதவும்.

பிரவுசரில் 200% பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறவோ வெட்டுப்படவோ கூடாது. கைபேசியில் விரலால் பெரிதாக்குவதைத் தடுக்கும் வரி இருந்தால் நீக்குங்கள். 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 பதிப்பு, தொடும் இடங்கள் சில விலக்குகள் தவிர 24-க்கு 24 பிக்சலாவது இருக்க வேண்டும் என்கிறது. வீடியோவுக்கு வசன வரிகள் சேருங்கள். நொடிக்கு 3 முறைக்கு மேல் பளிச்சிடும் எதுவும் வேண்டாம், வலிப்பைத் தூண்டலாம்.

படி 7: காதால் கேளுங்கள்

விண்டோஸில் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம். அதனுடன் வரும் ஈஸ்பீக் குரலில் தமிழும் உண்டு. ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். என்விடிஏவை இயக்கிவிட்டு, திரையை அணைத்துவிடுங்கள். எச் விசையைத் தட்டினால் தலைப்பு தலைப்பாகத் தாவும், பி (B) பட்டன்களுக்கு, கே இணைப்புகளுக்கு. பேச்சை நிறுத்த கன்ட்ரோல். எச் தட்டியும் எதுவும் வரவில்லை என்றால், உங்கள் தலைப்புகள் பெரிதாக்கிய தடித்த எழுத்துகள் மட்டுமே. அவற்றை எச்1, எச்2 என்று மாற்றுங்கள். பிறகு உங்கள் படிவத்தை இப்படியே கேட்டு நிரப்பி அனுப்பிப் பாருங்கள்.

குரோம் பிரவுசரில் உள்ள லைட்ஹவுஸ் போன்ற தானியங்கிச் சோதனைகளையும் ஓட்டுங்கள். ஆனால் ஆல்ட் இருக்கிறதா என்று மட்டுமே அவற்றுக்குத் தெரியும், அது சரியா என்று தெரியாது. அதனால் முடிந்தால் ஸ்கிரீன் ரீடரை அன்றாடம் பயன்படுத்தும் ஒருவருக்கு உரிய கட்டணம் கொடுத்து, உங்கள் தளத்தில் ஒரு வேலையை முடித்துக் காட்டச் சொல்லுங்கள். இடையில் வழி சொல்லாதீர்கள். அவர் எங்கே நிற்கிறார், எதை இரண்டாம் முறை கேட்கிறார் என்று குறித்துக்கொண்டு, அந்த இடங்களை முதலில் திருத்துங்கள்.