சர்வர்ல இருந்து ஜேசன் இல்லாம வெறும் டெக்ஸ்ட் வந்தா ஆப்ல எப்படி வாங்கணும்

வடபழனில தண்ணி கேன் போடுற ஒரு அண்ணனுக்கு ஃப்ளட்டர்ல (ஆப் எழுதுற கூகுளோட கருவி) ஒரு புக்கிங் ஆப் பண்ணிக் கொடுத்தேன். அவர்கிட்ட யாரோ எழுதிக் கொடுத்த பழைய சர்வர் ஒண்ணு ஏற்கனவே ஓடிட்டு இருந்துச்சு, அதுல ஜேசன் (பேரு, மதிப்புன்னு ஜோடி ஜோடியா டேட்டா அனுப்புற வடிவம்) எல்லாம் கிடையாது, புக் பண்ணா 'ஓகே|27|கோயம்பேடு'ன்னு ஒரே வரி வரும் (நடுவுல டோக்கன் நம்பர், கடைசில ஏரியா), ஏரியா ரேட் வேணும்னா ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வரும், அவ்ளோதான். ஒரு வரி தானே, ஸ்ட்ரிங்கா (வெறும் எழுத்து வரிசையா) வாங்கி பைப்ல ('|' குறில) உடைச்சா வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சு ரிலீஸ் பண்ணிட்டேன். ரெண்டாவது நாளே போன் வந்துச்சு, "தம்பி, ஏரியா பேரெல்லாம் ஏதோ கிறுக்கல் மாதிரி வருதுப்பா, கஸ்டமர் கேக்குறாங்க"ன்னு.

இதுல முதல்ல மனசுல வாங்கிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. ஜேசன்ல ஏதாவது தப்பா வந்தா பார்ஸரே (அத படிச்சுப் பிரிக்கிற கோட்) எரர் அடிச்சு சொல்லிடும். டெக்ஸ்ட்ல அந்த வசதி இல்ல, பாதி வந்தாலும் அது ஸ்ட்ரிங் தான், எரர் பேஜ் வந்தாலும் ஸ்ட்ரிங் தான், கிறுக்கல் வந்தாலும் ஸ்ட்ரிங் தான். அதனால பார்ஸர் செய்ற செக்கிங் எல்லாத்தையும் நம்மளே செய்யணும், இத விட்டுட்டு நேரா ஸ்கிரீன்ல போட்டுடாதீங்க.

அந்த கிறுக்கல் கதைக்கு வரேன், ஏன்னா தமிழ்ல ஆப் பண்றவங்க எல்லாருக்கும் இது ஒரு நாள் வரும். ஸ்கிரீன்ல தலையில சாய்ஞ்ச கோடு போட்ட ஒரு சின்ன இங்கிலீஷ் 'ஏ', பக்கத்துலயே வட்டத்துக்குள்ள 'ஆர்' சின்னம், இந்த ஜோடி திரும்பத் திரும்ப வந்தா அது யூடிஎஃப்-8ல (எல்லா மொழி எழுத்தையும் பைட்டா எழுதுற முறை) இருக்குற தமிழை லத்தீன்-1னு (ஐரோப்பிய எழுத்துக்கான பழைய முறை) நினைச்சு படிச்சிருக்குன்னு அர்த்தம். யூடிஎஃப்-8ல ஒவ்வொரு தமிழ் குறியீடும் 3 பைட், 'தமிழ்'ங்கற வார்த்தைல த, ம, இகரக் குறி, ழ, புள்ளின்னு 5 குறியீடு, மொத்தம் 15 பைட். லத்தீன்-1ல ஒரு பைட் ஒரு எழுத்து, அதனால நம்ம வார்த்தை 15 கிறுக்கலா விரியுது. ஃப்ளட்டர்ல ஹெச்டிடிபி பேக்கேஜோட ரெஸ்பான்ஸ்.பாடி (சர்வர் பதிலோட உள்ளடக்கம்) என்ன பண்ணும்னா, கன்டென்ட்-டைப் ஹெடர்ல (பதிலோட கூட வர்ற குறிப்பு வரி) கேரக்டர்செட் (எந்த எழுத்து முறைங்கற பேரு) இருக்கான்னு பாக்கும், டெக்ஸ்ட்/பிளெயின்னு மட்டும் இருந்து கேரக்டர்செட் இல்லன்னா லத்தீன்-1ஐ எடுத்துக்கும். 1999ல வந்த பழைய ஹெச்டிடிபி விதி அப்படி இருந்துச்சு, 2014ல அந்த டிஃபால்ட்ட எடுத்துட்டாங்க, ஆனா லைப்ரரில பழக்கம் ஒட்டிக்கிட்டு இருக்கு. நம்ம ரேட் லிஸ்ட் ஃபைல் என்ஜின்எக்ஸ்ங்கற வெப் சர்வர் வழியா வந்துச்சு, அது தானா கேரக்டர்செட் போடாது.

சரி பண்றது சுலபம். ரெஸ்பான்ஸ்.பாடிய தொடாதீங்க, ரெஸ்பான்ஸ்.பாடிபைட்ஸ எடுத்து யூடிஎஃப்8.டீகோட்ல கொடுங்க. சர்வர்ல கை வைக்க முடியும்னா என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்ல கேரக்டர்செட் யூடிஎஃப்-8னு ஒரு வரி சேர்த்துடுங்க, ரெண்டையும் பண்றது இன்னும் நல்லது. டீகோட் பண்ணும்போது அலவ்மால்ஃபார்ம்ட்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அத ஆன் பண்ணாதீங்கன்னு தான் சொல்வேன், ஏன்னா கெட்டுப்போன பைட் வந்தா எரர் வரட்டும், நமக்குத் தெரியட்டும், கேள்விக்குறி டப்பாவா மாறி கஸ்டமர் கண்ணுல படறதுக்கு அது எவ்வளவோ மேல். பெரிய ஃபைல ஸ்ட்ரீமா வாங்குறீங்கன்னா வர்ற துண்ட துண்டு துண்டா டீகோட் பண்ணாதீங்க, ஒரு எழுத்தோட 3 பைட்ல 1 இந்தத் துண்டுலயும் 2 அடுத்த துண்டுலயும் விழும், ஸ்ட்ரீம்ல யூடிஎஃப்8.டீகோடர ட்ரான்ஸ்ஃபார்மா போட்டு அப்புறம் லைன்ஸ்பிளிட்டர் போட்டா அது பாத்துக்கும்.

ஆண்ட்ராய்ட்ல ரெட்ரோஃபிட் (சர்வர் கூட பேசுற லைப்ரரி) யூஸ் பண்றவங்களுக்கு பிரச்சனை வேற இடத்துல. ஜீசன் (ஜேசன படிக்கிற கூகுள் லைப்ரரி) கன்வெர்ட்டர் மட்டும் போட்டு ஸ்ட்ரிங் கேட்டீங்கன்னா அது இதையும் ஜேசன்னு நினைச்சு படிக்கப் போகும், 'லீனியன்ட் (தளர்வா படி) போடு'ன்னு எரர்லயே எழுதி வரும், நிறைய பேர் அதப் பாத்துட்டு லீனியன்ட் போட்டுடறாங்க, அது தப்பு. டெக்ஸ்ட் நடுவுல ஒரு ஸ்பேஸ் வந்தா படிக்கிறத அங்கயே நிறுத்திட்டு மிச்சம் இருக்குன்னு மறுபடி எரர் அடிக்கும். வெறும் ஸ்ட்ரிங்க வாங்க ஸ்கேலர்ஸ் கன்வெர்ட்டர் ஃபேக்டரின்னு தனியா இருக்கு, அத ஜீசனுக்கு முன்னாடி சேருங்க, பின்னாடி சேத்தா ஜீசன் முந்திக்கும். ரெட்ரோஃபிட் இல்லாம அதுக்கு அடியில இருக்குற ஓகேஹெச்டிடிபிய நேரா யூஸ் பண்ணா பாடி.ஸ்ட்ரிங்க ஒரே ஒரு தடவ தான் கூப்பிட முடியும், லாக்ல போட ஒரு தடவ கூப்பிட்டா அடுத்த தடவ க்ளோஸ்ட்னு எரர் வரும், அதனால முதல்லயே ஒரு வேரியபிள்ல வாங்கி வச்சுக்கோங்க. டூஸ்ட்ரிங்னு அடிச்சுட்டா பாடிக்கு பதிலா ஆப்ஜெக்ட்டோட பேரு தான் வரும், அவசரத்துல கண்ணுக்கே தெரியாது.

ரியாக்ட் நேட்டிவ்ல ரெஸ்பான்ஸ்.ஜேசனுக்கு பதிலா ரெஸ்பான்ஸ்.டெக்ஸ்ட், அவ்ளோதான், அதையும் ஒரு தடவ தான் படிக்கலாம். ஐபோனுக்கு எழுதுற ஸ்விஃப்ட்ல டேட்டாவ யூடிஎஃப்-8 என்கோடிங் கொடுத்து ஸ்ட்ரிங் ஆக்குங்க, பைட் சரியில்லன்னா 'நில்' (மதிப்பு எதுவும் இல்லன்னு அர்த்தம்) வரும், அங்க ஆச்சரியக்குறி போட்டு ஃபோர்ஸ் அன்ராப் பண்ணாதீங்க.

ஸ்டேட்டஸ் கோட் (200னா சரி, 404, 500னா தப்புன்னு சர்வர் சொல்ற நம்பர்) பாக்குறத மறக்கவே கூடாது. ரியாக்ட் நேட்டிவ்ல கூப்பிடுற ஃபெட்ச் ஆனாலும் ஸ்விஃப்ட்டோட யூஆர்எல்செஷன் ஆனாலும் 404, 500 வந்தா எரர் தராது, ஒழுங்கா பாடிய கொண்டுவந்து கொடுக்கும், அதுல 'சர்வர் எரர்'னு இருக்கும், நம்ம ஆப் அத டோக்கன் நம்பர்னு காட்டும். 200 வந்தாலும் முழுசா நம்பிடாதீங்க, சர்வர் வெறும் ஹெச்டிடிபியா இருந்தா மால்ல, ஸ்டேஷன்ல இருக்குற ஃப்ரீ வைஃபை நம்ம ரெக்வெஸ்ட்ட லாகின் பேஜுக்கு திருப்பி விட்டு 200ஓட ஒரு ஹெச்டிஎம்எல் பக்கத்த அனுப்பும். கன்டென்ட்-டைப் பாத்து முடிவு பண்ணலாமேன்னு தோணும், ஆனா பிஹெச்பில சும்மா எக்கோ பண்ணா டிஃபால்ட்டாவே டெக்ஸ்ட்/ஹெச்டிஎம்எல்னு தான் போகும், நம்ம புக்கிங் வரியும் அப்படித் தான் வந்துச்சு. அதனால நான் பாடிய தான் பாக்குறேன், '<'ல ஆரம்பிச்சா அத தூக்கிப் போட்டுட்டு நெட்வொர்க் எரர்னு காட்டுறேன்.

அடுத்து ஓரத்த வெட்டுறது. சர்வர் 'ஓகே'வுக்குப் பின்னாடி ஒரு நியூலைன் அனுப்பும், லாக்ல பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும், ஈக்வல் செக் மட்டும் ஃபெயில் ஆகும், ட்ரிம் போட்டா சரியாயிடும். உடைக்கிறப்ப ஜாவாக்காரங்க கவனிங்க, அங்க ஸ்பிளிட்டுக்குள்ள போறது ரெகுலர் எக்ஸ்பிரஷன் (தேடுற வடிவத்த குறியா எழுதுற முறை, அதுல பைப்புக்கு 'அல்லது'ன்னு அர்த்தம்), பைப்ப அப்படியே கொடுத்தா ஒவ்வொரு எழுத்தா உடைச்சுடும், முன்னாடி ரெண்டு பேக்ஸ்லாஷ் வேணும், காட்லின்லயும் (ஆண்ட்ராய்ட் மொழி) டார்ட்லயும் (ஃப்ளட்டர் மொழி) அந்தத் தொல்லை இல்ல. உடைச்சப்புறம் எத்தன துண்டு வந்துச்சுன்னு எண்ணுங்க, 3 இல்லன்னா மேல போகாதீங்க. '1,250'னு கமாவோட தொகை வந்தா நம்பரா மாத்தும்போது விழும், கமாவ எடுத்துட்டு மாத்துங்க.

இன்னொண்ணு என்னை ஒரு ராத்திரி முழுக்க உக்கார வச்சுது. சர்வர்ல இருந்து வந்த 'கோயம்பேடு'ம் ஆப்ல இருந்த 'கோயம்பேடு'ம் சமம் இல்லன்னு வந்துச்சு. ஓகாரக் குறிய ஒரே குறியீடாவும் எழுதலாம், ஏகாரக் குறியும் கால் குறியும் சேத்து ரெண்டாவும் எழுதலாம், கண்ணுக்கு ஒண்ணே தான், நீளம் வேற. கம்பேர் பண்ண முன்னாடி ரெண்டையும் என்எஃப்சிக்கு (பிரிஞ்ச குறிகள ஒண்ணா சேக்குற யூனிகோட் வடிவம்) நார்மலைஸ் பண்ணணும், ஜாவால நார்மலைஸர் இருக்கு, ஜாவாஸ்கிரிப்ட்ல நார்மலைஸ் இருக்கு, டார்ட்ல தனி பேக்கேஜ் போடணும். ஸ்விஃப்ட் மட்டும் கம்பேர் பண்ணும்போதே ரெண்டையும் சமமா பாத்துக்கும். முடிஞ்சா பேர வச்சு கம்பேரே பண்ணாதீங்க, ஏரியாவுக்கு ஒரு கோட் நம்பர் கேட்டு வாங்கிக்கோங்க.

பாதி டெக்ஸ்ட் வர்றத தான் கடைசியா சரி பண்ணேன். மெட்ரோல எழும்பூர் பக்கம் சுரங்கத்துல போகும்போது சிக்னல் போய் லிஸ்ட் நடுவுல நின்னா, மொத்தம் எத்தன பைட்னு சொல்ற கன்டென்ட்-லென்த் ஹெடர் இருந்தா லைப்ரரியே எரர் தரும், அது இல்லாம கனெக்ஷன மூடுறது தான் முடிவுன்னு இருக்குற பழைய சர்வர்ல கனெக்ஷன் நடுவுல மூடிக்கிட்டா பாதியும் முழுசு மாதிரியே வந்துடலாம். அண்ணன்கிட்ட சொல்லி ஃபைலோட கடைசில 'முடிந்தது'ன்னு ஒரு வரி சேக்க வச்சேன், அந்த வரி இல்லன்னா ஆப் பழைய லிஸ்ட்டயே வச்சுக்கும், புதுச மேல எழுதாது.

இதுவரைக்கும் வந்த ஒவ்வொரு கெட்ட ரெஸ்பான்ஸயும் பைட் மாறாம ஃபைலா சேவ் பண்ணி டெஸ்ட் ஃபோல்டர்ல போட்டு வச்சிருக்கேன், கிறுக்கல் ஒண்ணு, லாகின் பேஜ் ஒண்ணு, பாதில அறுந்தது ஒண்ணு, காலியா வந்தது ஒண்ணு. ஃப்ளட்டர்ல மாக்கிளையன்ட் (நிஜ சர்வருக்கு பதிலா நாம கொடுக்குறத பதிலா தர்ற டெஸ்ட் கருவி) வச்சு இத ஒவ்வொண்ணா ஊட்டி விட்டு ஒவ்வொரு ரிலீஸ்க்கு முன்னாடியும் ஓட்டுறேன், நீங்களும் முதல் ஃபைல இன்னிக்கே சேவ் பண்ணி வைங்க.