செல்பிப்பில் படம் சொல்லும் கேள்வி: போனில் கதைப்பதுபோல் கதையுங்கள்

கனடாவில் நிரந்தர வதிவிடத்துக்கோ குடியுரிமைக்கோ செல்பிப் (CELPIP) என்ற ஆங்கிலப் பரீட்சை எடுக்கிறவர்கள் பேச்சுப் பகுதியில் 8 கேள்விகளைத் தாண்ட வேண்டும். மூன்றாவது கேள்விக்குத் திரையில் ஒரு வண்ணப்படம் வரும். பூங்கா, கடைத்தெரு மாதிரி ஆட்கள் நிறைந்த ஒரு காட்சி. யோசிக்க 30 விநாடி, பேச 60 விநாடி. எதிரில் மனிதர் யாரும் இல்லை. காதில் ஹெட்செட், முன்னால் கணினி, அவ்வளவுதான்.

என் மாமிக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டி வந்தது. குடியுரிமைக்கு 18 முதல் 54 வயது வரை உள்ளவர்கள் மொழிச் சான்று காட்ட வேண்டும்; மாமிக்கு 52. ஒரு பூங்காப் படத்தைக் காட்டினேன். "ட்ரீ. டாக். ஒன் பாய். ஐஸ்க்ரீம்." பதினைந்து விநாடிகூட ஆகவில்லை. "இனி என்னத்தைச் சொல்லுறது தம்பி? எல்லாம் படத்திலயே தெரியுதே!"

அங்கேதான் விஷயம் இருக்கிறது. கேள்வியை வடிவாகப் படித்தால், உங்களோடு கதைக்கிற ஆளுக்கு இந்தப் படம் தெரியாது என்று அதிலேயே எழுதியிருக்கும். எனவே இது பொருட்களின் பெயர் சொல்லும் பரீட்சை இல்லை. "மாமி, சித்தி ஊரில இருந்து போன் எடுக்கிறா. வீடியோ வேலை செய்யேல்ல. அவவுக்குச் சொல்லுங்கோ" என்றேன். மாமி தமிழில் இரண்டு நிமிடம் நிறுத்தவே இல்லை. நீங்களும் முதலில் ஒரு தடவை தமிழில் சொல்லிப் பாருங்கள். எதைச் சொல்வது என்ற பயம் போய்விடும். அப்புறம் ஆங்கிலத்துக்கு வரலாம்.

முதல் படி: 30 விநாடி

முழு வசனம் எழுத நேரமில்லை. படத்தில் நான்கு இடங்களைத் தேர்ந்தெடுங்கள், இடமிருந்து வலமாக. ஒவ்வொன்றுக்கும் ஒரு வினைச்சொல்லை மட்டும் தாளில் குறியுங்கள்: ரீடிங், க்ரையிங், ப்ளேயிங். நாயும் மரமும் கண்முன்னே இருக்கும், மறக்காது. அவசரத்தில் வாய்க்கு வராமல் போவது வினைச்சொல்தான்.

இரண்டாம் படி: தொடக்கம்

ஒரே வசனம். "திஸ் பிக்சர் ஷோஸ் எ பிஸி பார்க் ஆன் எ சன்னி டே." போதும், உள்ளே போய்விடுங்கள்.

மூன்றாம் படி: எங்கே, எந்த ஆள்

நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுகிற இடம் இது. "மரத்துக்குக் கீழே" என்கிறோம்: மரம் முன்னே, கீழே பின்னே. ஆங்கிலத்தில் தலைகீழ்: "அண்டர் தி ட்ரீ". தமிழ் ஓட்டத்தில் "ட்ரீ" என்று தொடங்கிவிட்டால் அங்கேயே நின்றுவிடுவீர்கள். ஆளை அடையாளம் சொல்வதும் அப்படித்தான். "சிவப்புச் சட்டை போட்ட பெண்" என்பதில் பெண் கடைசியில் வருகிறாள். "எ வுமன் இன் எ ரெட் ட்ரெஸ்" என்பதில் முதலில் வந்துவிடுகிறாள். ஆளைச் சொல்லு, பிறகு உடுப்பைச் சொல்லு என்று மாமிக்குச் சொன்னேன். ஒரு வாரம் பேருந்தில் எதிரே இருந்தவர்களை எல்லாம் மனசுக்குள் இப்படியே சொல்லிக்கொண்டு போனார்.

"ஆன் தி லெஃப்ட்", "இன் தி மிடில்", "ஆன் தி ரைட்", "நெக்ஸ்ட் டு", "பிஹைண்ட்". இந்த ஐந்தும் நாக்கில் இருந்தால் படம் முழுவதையும் சுற்றி வரலாம்.

நான்காம் படி: இப்போது நடப்பது

தமிழில் "அழுகிறான்" என்ற ஒரே சொல் தினமும் அழுவதற்கும் ஆகும், இந்த நிமிடம் அழுவதற்கும் ஆகும். ஆங்கிலத்தில் இரண்டும் வேறு. "தி பாய் க்ரைஸ்" என்றால் அது அவன் வழக்கம். படத்தில் நடப்பதற்கு "தி பாய் இஸ் க்ரையிங்". நடுவில் உள்ள அந்த "இஸ்" தொலைந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

"எ", "தி" குழப்பத்துக்கு நம்மிடமே மருந்து இருக்கிறது. கதை சொல்லும்போது முதலில் "ஒரு நாய்" என்போம், அடுத்த தடவை "அந்த நாய்" என்போம். "ஒரு" வரும் இடத்தில் "எ", "அந்த" வரும் இடத்தில் "தி". எல்லா இடத்துக்கும் பொருந்தாது. இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் போதும்.

ஐந்தாம் படி: ஊகம்

முகத்தைப் பார்த்து ஒன்றிரண்டு ஊகம் சேருங்கள்: "ஐ திங்க்", "ஹீ லுக்ஸ் சேட் பிகாஸ்". ஆனால் அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லத் தொடங்க வேண்டாம். நான்காவது கேள்வி அதே படத்தைக் காட்டி அதைத்தான் கேட்கும். சரக்கை அதற்கு வைத்திருங்கள்.

ஒரு சொல் வரவில்லையா? சுற்றிப் போங்கள். நாயைக் கட்டிப் பிடிக்கிற பட்டிக்கு ஆங்கிலம் தெரியாமல் மாமி "எ ரோப் ஃபார் தி டாக்" என்றார். கேட்பவருக்குப் புரிந்துவிடும், பிறகென்ன?

எல்லாம் சேர்ந்தால்

மாமி கடைசியில் அந்தப் பூங்காவைச் சொன்ன விதம் இது:

"திஸ் பிக்சர் ஷோஸ் எ பிஸி பார்க் ஆன் எ சன்னி டே. ஆன் தி லெஃப்ட், எ வுமன் இன் எ ரெட் ட்ரெஸ் இஸ் சிட்டிங் அண்டர் எ பிக் ட்ரீ. ஷீ இஸ் ரீடிங் எ புக். இன் தி மிடில், எ லிட்டில் பாய் இஸ் க்ரையிங் பிகாஸ் ஹிஸ் ஐஸ்க்ரீம் இஸ் ஆன் தி க்ரவுண்ட். எ ப்ரவுன் டாக் இஸ் ஈட்டிங் இட், அண்ட் தி டாக் லுக்ஸ் வெரி ஹாப்பி. ஆன் தி ரைட், டூ ஓல்ட் மென் ஆர் ப்ளேயிங் செஸ். ஒன் ஆஃப் தெம் இஸ் ஸ்க்ராச்சிங் ஹிஸ் ஹெட், ஸோ ஐ திங்க் ஹீ இஸ் லூசிங். பிஹைண்ட் தெம், ஐ கேன் சீ எ லேக் வித் எ ஸ்மால் வைட் போட்."

நிதானமாகச் சொன்னால் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். அவசரப்பட்டு ஓட வேண்டாம். குடியுரிமைக்கு 4ஆம் நிலை இருந்தால் போதும். ஒன்றிரண்டு பிழை வந்தால் குடிமுழுகிப் போகாது. கடைசி வசனம் பாதியில் வெட்டுப்பட்டாலும் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

பயிற்சிக்கு வீட்டுக் கலியாண ஆல்பம் நல்லது. ஒரு படம், போனில் 60 விநாடி ஒலிப்பதிவு, பிறகு போட்டுக் கேளுங்கள். "இஸ்" எத்தனை இடத்தில் தொலைந்தது என்று எண்ணுங்கள். இரண்டு நாள் கழித்து, டிவியைச் சத்தமாகப் போட்டுவிட்டு அதையே செய்யுங்கள். பரீட்சை அறையில் பக்கத்து மேசைக்காரரும் அதே நேரத்தில் உரக்கப் பேசிக்கொண்டிருப்பார்.