குவெரி 3 மில்லிசெகண்டுதான், ஆனால் பக்கம் ஏன் இழுக்கிறது?

பைதான் வெப் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவில், குவெரி நேரத்தைக் காட்டும் டீபக் டூல்பாரில் பார்த்தால் குவெரிக்கு (டேட்டாபேஸிடம் தரவு கேட்கும் கட்டளை) 3 மில்லிசெகண்ட், பிரவுசரில் பக்கம் திறக்க 2 செகண்ட். நேர்மாறாகவும் நடக்கும்: ஆப்பில் இழுத்தடிக்கிற குவெரியை எடுத்து போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் கையால் ஓட்டினால் பறக்கும். இரண்டிலுமே உடனே இண்டெக்ஸ் (வரிசைகளை வேகமாகத் தேட உதவும் அமைப்பு) போட ஓடாதீர்கள். அந்த எண் எதை அளந்தது என்பதை முதலில் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

டூல்பார் காட்டுவது குவெரியை அனுப்பிப் பதில் வாங்கிய நேரம் மட்டும். வந்த வரிசைகளை மாடல் ஆப்ஜெக்ட்களாக மாற்றும் பைதான் வேலை அதில் சேராது, ஆயிரக்கணக்கான வரிசைகள் வந்தால் நேரத்தைத் தின்பது பெரும்பாலும் இதுதான். அதே குவெரிசெட்டை ஆப்ஜெக்ட் உருவாக்காமல் வெறும் மதிப்புகளைத் தரும் வேல்யூஸ் லிஸ்ட்டாக எடுத்துப் பாருங்கள், நேரம் சட்டென்று இறங்கினால் டேட்டாபேஸை விட்டுவிடலாம்.

சரி, சந்தேகம் டேட்டாபேஸ் மேலேயே இருந்தால் குவெரியை எந்த வழியில் ஓட்டியது (இதுதான் பிளான்), ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் கட்டளையை ஓட்டுவோம். அது குவெரியை நிஜமாகவே ஓட்டிவிடும் என்பதால் அப்டேட், டெலீட் என்றால் பிகின், ரோல்பேக் (செய்த மாற்றத்தை ரத்து செய்வது) இரண்டுக்கும் நடுவில் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். பலர் தவறாகப் படிப்பது, ஒரு படி எத்தனை முறை ஓடியது என்று சொல்லும் லூப்ஸ் எண்ணைத்தான்: 'ஆக்சுவல் டைம்' என்பது ஒரு சுற்றின் சராசரி, ஆகவே 0.05 மில்லிசெகண்ட் என்று அப்பாவியாக நிற்கும் இண்டெக்ஸ் ஸ்கேன் 40,000 முறை சுற்றியிருந்தால் அதுவே 2 செகண்ட். இன்னொன்று, இந்தக் கட்டளை வரிசைகளை ஆப்புக்கு அனுப்புவதில்லை; பெரிய ஜேசான் அல்லது டெக்ஸ்ட் நெடுவரிசை இருக்கும் டேபிளில் உண்மையான செலவு அங்கேயே ஒளிந்துகொள்ளும். போஸ்ட்கிரஸ் 17 முதல் சீரியலைஸ் ஆப்ஷன் இருக்கிறது, அதைச் சேர்த்தால் வரிசைகளை அனுப்பும் வடிவத்துக்கு மாற்றும் செலவும் கணக்கில் வரும், நெட்வொர்க் நேரம் மட்டும் வராது.

இரண்டாவது முறை வேகமாக ஓடினால் சந்தோஷப்பட வேண்டாம், தரவு மெமரியில் ஏறியிருக்கும். பஃபர்ஸ் ஆப்ஷனைப் போட்டு 'ஹிட்' (போஸ்ட்கிரஸின் மெமரியிலேயே கிடைத்தவை), 'ரீட்' (வெளியிலிருந்து படிக்க வேண்டியிருந்தவை) எண்களை ஒப்பிடுங்கள். 18-ஆம் பதிப்பில் அனலைஸ் போட்டாலே அது தானாக வந்துவிடும்.

ப்ரிபேர்டு ஸ்டேட்மென்ட் (ஒருமுறை தயார் செய்து, மதிப்பை மட்டும் மாற்றித் திரும்பத் திரும்ப ஓட்டும் குவெரி) பயன்படுத்தும் ஆப் என்றால் கூடுதல் கவனம் தேவை. முதல் 5 முறை அந்தந்த மதிப்புக்கேற்ற பிளான் போடும் போஸ்ட்கிரஸ், அதன்பின் செலவு ஒத்துவருவதாகத் தெரிந்தால் எல்லா மதிப்புக்கும் பொதுவான ஒரே பிளானுக்கு மாறலாம். ஆர்டர் டேபிளில் பெரும்பாலானவை 'முடிந்தது', கொஞ்சம்தான் 'நிலுவை' என்று வைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் கையால் 'நிலுவை' என்று எழுதி ஓட்டும்போது கிடைக்கும் பிளானும் ஆப்புக்குக் கிடைக்கும் பிளானும் வேறாக இருக்கலாம். அதனால் ப்ரிபேர் செய்து, பிளான் கேஷ் மோடைப் பொதுப் பிளானுக்குக் கட்டாயப்படுத்தி ஓட்டிப் பாருங்கள், வித்தியாசம் இருந்தால் கண்ணுக்கெதிரே தெரியும்.

இதில் எதுவும் சிக்கவில்லையா? அப்போது லாக் காத்திருப்பாக, அதாவது வேறொரு குவெரி பூட்டி வைத்ததை விடுவிக்கும்வரை காத்திருப்பதாக இருக்கலாம். கூட்டம் இல்லாத நேரத்தில் சோதித்தால் அது தெரியவே தெரியாது, பக்கம் இழுக்கும் நேரத்திலேயே இப்போது ஓடும் குவெரிகளைக் காட்டும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியில் வெயிட் ஈவன்டை (எதற்காகக் காத்திருக்கிறது என்பதை) பார்க்க வேண்டும், நீண்ட பூட்டுக் காத்திருப்புகளைப் பதிவு செய்யும் log_lock_waits அமைப்பையும் இயக்கி வையுங்கள். அப்புறம் ப்ரொடக்ஷனில், மெதுவான குவெரிகளின் பிளானைத் தானாகப் பதிவு செய்யும் ஆட்டோ எக்ஸ்பிளெய்னை 500 மில்லிசெகண்டுக்கு மேல் போகும் குவெரிகளுக்கு மட்டும் வையுங்கள். அனலைஸும் வேண்டும் என்றால் அதன் டைமிங்கை அணைத்துவிடுங்கள், ஏனென்றால் குறைந்தபட்ச நேரத்தைத் தாண்டாத குவெரிகளும் அந்த அளக்கும் சுமையைச் சுமக்கும்.